நூற்றைம்பது மணித்தியாலம்

கனகேஸ்வரி படித்த பள்ளிக்கூடத்தில் நானும் மூன்று கிழமை படித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, ஞானம்பிகை படிப்பில்லாதவள், எரிச்சலில் கதைக்கிறாள் என்று சொல்லக்கூடாது. போனேன், முழங்கால் நொந்தது, விட்டுவிட்டேன். காலையில் பதினொரு வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்து படிக்கிற கதிரையும் மேசையும் அவை. பின்னேரம் நாலு மணிக்கு அதே கதிரைக்குள் ஐம்பது வயதுக்காரி என்னை மடக்கி இருத்தினால் என்ன நடக்கும்? எழும்பும்போது கதிரையும் என்னோடு சேர்ந்து எழும்பியது. வகுப்பே சிரித்தது. சிரிக்காதவள் கனகேஸ்வரி மட்டும்தான். அவள் கதிரையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

இங்கே சிசிலியில், கபோ சந்தையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் வழியில் இருக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம் அது. பின்னேர வகுப்புக்கு எல்லாரும் 'நூற்றைம்பது மணித்தியாலம்' என்றுதான் பெயர் சொல்வார்கள். முதல் நாள் கியாரா ரீச்சர் அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு வடக்கே இரும்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் முதலாளிகளோடு ஒப்பந்தம் பேசியபோது, எங்களுக்குச் சம்பளத்தோடு நூற்றைம்பது மணித்தியாலம் படிக்க விடவேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம். தொழில் படிக்க அல்ல, சும்மா படிக்க. சின்ன வயதில் விட்ட படிப்பைப் படிக்க. அதற்காக அரசாங்கம் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டது. பிறகு வேலையில்லாதவர்கள் வந்தார்கள், வீட்டுப் பெண்கள் வந்தார்கள், கடைசியாக நாங்கள் வந்து சேர்ந்தோம்.

சம்பளத்தோடு படிப்பு என்றதும் எனக்குக் காது குளிர்ந்தது. அடுத்த நாளே நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவிடம், இப்படி ஒரு சட்டம் இருக்கிறதாமே என்று கேட்டுப் பார்த்தேன். "ஞானா, குளியலறை ஜன்னல் இன்னும் துடைக்கவில்லை" என்றாள். அதோடு அந்தச் சட்டம் முடிந்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெயர்தான் நூற்றைம்பது. ஒக்டோபரிலிருந்து யூன் வரைக்கும், கிழமையில் ஐந்து நாள், அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருத்தினார்கள்.

அங்கே மூன்று வகை வகுப்பு நடந்தது. எழுத்தே தெரியாதவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டுக்காரருக்கு இத்தாலியன் மொழி படிப்பிக்க ஒன்று. மூன்றாவதுதான் பெரிய வகுப்பு, தெர்சா மேதியா என்கிற எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்கானது. ஆட்கள் சேர்ந்தால் வியாழக்கிழமைகளில் தட்டெழுத்தும் தையலும் இருக்கும். காசு வாங்க மாட்டார்கள். பெரிய வகுப்பில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஒரு ஐம்பத்திரண்டு வயது மனுஷன் இருந்தான். பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு வெதுப்பகக்காரி இருந்தாள். பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாத வெட்கத்தில் படிக்க வந்தவள். அவர்களுக்கு நடுவில் எங்கள் கனகேஸ்வரி.

அவளுக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. அதுதான் கொடுமை. கோப்பாயில் பிறந்தவள். எழுபத்திரண்டாம் ஆண்டு ஓ.எல். சித்தியடைந்தவள், கணக்கில் திறமைச் சித்தி. கலியாணத்துக்கு முன்பும் பின்பும் பாலர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். மாப்பிள்ளை சிவபாலன் கூட்டுறவுச் சங்கக்கடைத் தலைமைக் கந்தோரில் எழுத்து வேலை. பதினான்கு வருடமாயும் பிள்ளை இல்லை. ஊர் கதைத்தது. அந்த மனுஷன் ஒரு நாளும் கதைக்கவில்லை என்று கனகேஸ்வரி சொல்லுவாள். தொண்ணூற்றோராம் ஆண்டு இரண்டு பேரில் ஒருவரைத்தான் அனுப்பலாம் என்று ஏஜென்சி சொன்னபோது, இத்தாலியில் பெண்களுக்குத்தான் வீட்டு வேலை உடனே கிடைக்கும் என்று இவளை ஏற்றிவிட்டார். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். ஆறு வருடமாகிவிட்டது.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் எழும்பி நடந்தபோது சிவபாலனும் சைக்கிளோடு நடந்தார். அலுமாரிக்குள் இருந்த சான்றிதழ்கள் அலுமாரியோடு போயின. அவர் எப்படியோ கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் கிறிகோரி என்கிற ஒருவரோடு சேர்ந்து ஒரு அறையில் இருந்தார். கனகேஸ்வரி கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாதபடியால், இத்தாலிக் கணக்கில் அவள் பள்ளிக்கூடப் படி மிதிக்காதவள்.

அவளுடைய சிஞ்ஞோரா, அவள் வேலை செய்த மணித்தியாலத்தில் பாதியைத்தான் பதிந்திருந்தாள். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கணவனைக் கூப்பிட விண்ணப்பம் போட முடியாது. ஒரு முதியோர் இல்லத்தில் முழு ஒப்பந்தத்தோடு வேலை இருந்தது. நடத்துகிறவர்களுக்கு இவளை நன்றாகப் பிடித்துக்கொண்டது. தெர்சா மேதியாவைக் கொண்டுவா, யூலையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சான்றிதழ் வந்தால் வேலை, வேலை வந்தால் புருஷன். அவ்வளவுதான் அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம்.

நாங்கள் மூன்று பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். கபோவில் மூன்றாம் மாடி, கீழே பழக்கடை. மூன்றாவது ஆள் ஜோசியான், மொரீசியஸ்காரி. பூட்டனார் காலத்தில் கப்பலேறிப் போன தமிழ்ச் சனம். காவடி எடுப்பாள், ஆனால் தமிழ் கதைக்கத் தெரியாது, எங்களோடு இத்தாலியன்தான். ரெலிபோன் என்னுடைய பெயரில், என்னுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கனகேஸ்வரி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற மாதிரித்தான் படித்தாள். உரத்துச் சத்தம் போட்டு, அறைக்குள் நடந்து நடந்து. கணக்குச் செய்யும்போது மட்டும் தமிழ், "ஏழெட்டு அம்பத்தாறு" என்று. மற்றதெல்லாம் இத்தாலியன். சிசிலியில் எரிமலை எங்கே, ஆறு எங்கே, எந்த ஆண்டில் எந்த ராசா, எல்லாம் வீடு முழுக்கக் கேட்கும். ஜோசியான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுப்பாள். "பிள்ளை, உந்த ராசாமாரைக் கொஞ்சம் மெல்லமாய்ச் சாகவிடன்" என்று நான் கத்துவேன். "சத்தம் போடாட்டில் ஏறாதக்கா" என்பாள். சத்தம் ஒரு நிமிடம் குறையும், பிறகு பழையபடி ஏறும்.

தொண்ணூற்றேழு யூன் மாதம், சோதனைக்கு இன்னும் ஏழு நாள். பின்னேரம் அவள் வகுப்புக்குப் போன நேரம் ரெலிபோன் அடித்தது. சிவபாலன்.

"அக்கா, அவள் நிக்கிறாளோ?"

"இல்லைத் தம்பி, பள்ளிக்கூடம் போட்டாள். ஏன், சுகமில்லையோ? குரல் ஒரு மாதிரிக் கிடக்கு."

"நெஞ்சிலை கொஞ்சம் வருத்தம். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தவை. இப்ப வீட்டை வந்திட்டன். அவளுக்கு இதைச் சொல்லாதேங்கோ அக்கா. சோதினை முடியட்டும்."

"நான் ஏன் சொல்லுறன்? நீங்கள் உடம்பைப் பாருங்கோ."

இங்கே எங்கள் சனத்தின் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். நாங்கள் கெட்ட செய்தியை நேரே சொல்ல மாட்டோம். இங்கே எங்களோடு இருந்த யோசேப்பின் தாய் ஊரில் செத்தபோது, அவன் வேலை முடிந்து வந்து, குளித்து, சோறு தின்று முடிக்கும்வரை எட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தோம். பசியோடு இருக்கிறவனுக்குச் சாவு சொல்லக்கூடாது. முதலில் வருத்தம் என்பார்கள், பிறகு கொஞ்சம் கடுமையாம் என்பார்கள், ஆட்கள் வந்து கூடுவார்கள், அப்போதுதான் சொல்வார்கள். என்னுடைய அப்பா தொண்ணூறில் செத்தார். எனக்குப் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கும்வரை ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்து சொன்னார்கள். அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் வரிசையில் நின்றிருக்க மாட்டேன், இன்றைக்குக் கடதாசி இருந்திருக்காது. ஒளித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அதனால் எனக்கு ஒளிப்பது ஒரு உபகாரமாகவே தெரிந்தது.

ஜோசியானுக்கு மட்டும் சொன்னேன். அவள் இத்தாலியனில் சீறினாள். "புருஷன் அவளுடையது. நெஞ்சு அவனுடையது. நடுவில் நீ யார்?"

"உனக்கு விளங்காது, வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றேன். அவள் பொத்திக்கொண்டாள். இப்போது நினைத்தால், என்னோடு இன்னும் கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம் என்று அவளோடுதான் கோபம் வருகிறது. பாருங்கள் என்னுடைய நியாயத்தை.

அடுத்த சனிக்கிழமை. திங்கட்கிழமை எழுத்துச் சோதனை தொடங்குகிறது. கனகேஸ்வரி மத்தியானத்தோடு வேலை முடித்து வந்து, தன் அறைக்குள் நடந்து நடந்து படித்துக்கொண்டிருந்தாள். வெக்கை. எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். ரெலிபோன் அடித்தது.

"அக்கா..." என்றார். முந்திய குரல் இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு இழுத்தது. "ஒருக்கா அவளைக் கூப்பிடுங்கோ. கதைக்கவேணும் போலை கிடக்கு."

நான் எழும்பி இருந்தேன். கூப்பிட்டிருந்தால் போதும். ஐந்து அடி தூரம். 'பிள்ளை, இஞ்சை வா' என்று ஒரு சத்தம். ஆனால் என் மண்டைக்குள் கணக்கு ஓடியது. இந்தக் குரலைக் கேட்டால் இவள் புத்தகத்தை எறிவாள். திங்கட்கிழமை போகமாட்டாள். பெர்மெசோவைப் புதுப்பிக்கக் கொஸ்தூராவில் கொடுத்துவிட்டு வெறும் பற்றுத்துண்டோடு இருக்கிறவள், கொழும்புக்கு ஓடவும் முடியாது. இருந்து அழுவாள். சோதனை போய்விடும், யூலை போய்விடும், இந்த மனுஷன் இன்னும் ஒரு வருடம் கொட்டாஞ்சேனையில் கிடப்பான். அவர் சொன்னதும் அதுதானே, சோதனை முடியட்டும் என்று.

"தம்பி, அவள் வேலைக்குப் போட்டாள்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கனகேஸ்வரியின் குரல் கணீரென்று வந்தது. ஏதோ போர், ஏதோ உடன்படிக்கை, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது ஆர் படிக்கிறது?"

"அதோ? அது ரீவி, தம்பி."

"ரீவியோ" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் ரிசீவரைக் கையால் பொத்தவில்லை. ஏன் பொத்தவில்லை என்று எனக்குத் தெரியாது. பிறகு, "சரியக்கா, வைக்கிறன்" என்றார்.

"வெள்ளிக்கிழமை வாய்ச்சோதினையோடை எல்லாம் முடியுது. முடிஞ்ச உடனை நானே எடுத்துத் தாறன், ஆறுதலாய்க் கதையுங்கோ" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வைத்துவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து கிறிகோரி ரெலிபோன் எடுத்தார். முடிந்துவிட்டது என்றார். விடியப்புறம் எழும்பித் தண்ணீர் கேட்டாராம், கொண்டு வருவதற்குள் போய்விட்டாராம். "அவையின்ரை ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லை. வெள்ளிக்கிழமை காலமை பிரேதத்தை எடுக்கிறம். மனுசிக்குச் சொல்லுங்கோ, அக்கா" என்றார். அன்றைக்குக் கனகேஸ்வரி கணக்குச் சோதனை எழுதிவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தாள். "எல்லாம் சரியக்கா. மூட்டை தூக்கிற மனுசன் எட்டிப் பாத்து எழுதினவர், நான் தாளைத் திருப்பிக் காட்டினனான்" என்று சிரித்தாள். மேற்பார்வையாளர் கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஏசினேன். ஏசினால்தான் என் முகத்தை அவள் பார்க்கமாட்டாள்.

பேரின்பநாயகம் அண்ணையிடம் ஓடினேன். எங்கள் சனத்துக்குள் மூத்தவர், சாவு கலியாணம் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பவர். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நாள் மறைச்சாச்சு. இன்னும் ரெண்டு நாள்தானே. இப்ப சொன்னாலும் போகேலாது, உள்ளதும் போயிடும். அந்தக் கடதாசியையாவது எடுக்கட்டும்" என்றார். நான் மட்டும் முடிவெடுக்கவில்லை என்று எனக்கு ஒரு ஆறுதல். ஒரு பெண் புருஷன் செத்தது தெரியாமல் இரண்டு நாள் நெற்றியில் பொட்டோடு திரிந்தாள். நான் அவளுக்குச் சோறு போட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் லீவு எடுத்துக்கொண்டு அவளோடு பள்ளிக்கூடம் போனேன். வாய்ச்சோதனையை யாரும் பின்வரிசையில் இருந்து பார்க்கலாம். நீல மேசை விரிப்புப் போட்டு ஐந்து ரீச்சர்மார் இருந்தார்கள். நடுவில் வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தலைவர், கண்ணாடி போட்ட கிழவர். கனகேஸ்வரி மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். இந்த நேரம் அங்கே எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தடக்கவில்லை. எரிமலையைச் சொன்னாள், தொழிற்சாலைத் தொழிலாளர் நூற்றைம்பது மணித்தியாலம் வாங்கிய கதையைச் சொன்னாள். கியாரா ரீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கடைசியாகத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சிஞ்ஞோரா, இந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

"என் கணவரைக் கூப்பிடப் போகிறேன்" என்றாள் இத்தாலியனில். "அவர் என்னைவிட நன்றாகப் படிப்பார். ஒக்டோபரில் அவரையும் இந்த வகுப்பில் சேர்க்கிறேன். இடம் வைத்திருங்கள்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். இடம் கட்டாயம் உண்டு என்று கியாரா ரீச்சர் சொன்னார். அவருடைய பெயர் என்ன என்று கேட்டு ஒரு துண்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். நான் வெளியே ஓடிப்போய் நடைபாதைச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். கடவுளே, நான் என்ன வேலை பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் முழுதாக விளங்கியது.

வீட்டில் ஆட்களைக் கூடச் சொல்லியிருந்தோம். நான் முன்னே வந்துவிட்டேன். அவள் வழியில் எங்கேயோ நின்றாள். படிக்கட்டில் ஏறி வரும்போது வாசலில் செருப்புகளைக் கண்டிருக்கிறாள். "ஐயோ, எனக்காகவோ எல்லாரும் வந்தனியள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கையில் ஒரு தட்டம், சந்தை முடிகிற தொங்கலில் உள்ள கடையில் வாங்கிய இனிப்பு. ரீச்சர் மெல்லமாய்க் காதில் சொல்லிவிட்டாராம், பாஸ்தான் என்று. அவள் ஒவ்வொருவருக்கும் நீட்டினாள். பேரின்பநாயகம் அண்ணை எடுத்தார். அவர் எடுத்தபடியால் மற்றவர்களும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஒருவர் கடிக்கவும் செய்தார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், கையில் தந்தால் மனுஷன் வேறு என்ன செய்வான்.

ஜோசியான் மட்டும் எடுக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழத் தொடங்கிவிட்டாள். கனகேஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தாள். அவளும் எங்கள் சனம்தானே, இப்படிக் கூடி இருந்தால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தட்டத்தை நிலத்தில் வைத்தாள்.

"எப்ப?" என்றாள்.

"புதன்கிழமை, பிள்ளை" என்றார் பேரின்பநாயகம் அண்ணை.

"எடுத்தாச்சோ?"

"ஓம். இண்டைக்குக் காலமை."

அவள் அன்று அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. பழக்கடைக்காரன் மேலே ஓடிவந்து வாசலில் நின்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். பொழுதுபடும் நேரம் அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என்னோடை கதைக்கவேணும் எண்டு ஏதும் கேட்டவரோ?"

ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். "ஓம் பிள்ளை. போன கிழமை வெள்ளிக்கிழமை ஒருக்கா எடுத்தவர். நீ வேலையிலை நிண்டனி" என்றேன். சனிக்கிழமை என்று சொன்னால் அவள் வீட்டில் நின்றது தெரிந்துவிடும் என்று நாளையும் மாற்றினேன். ஒளிக்கத் தொடங்கினால் கைபழகிவிடும்.

"வெள்ளிக்கிழமையோ? சிஞ்ஞோரா இன்னும் ஒரு மணித்தியாலம் நிண்டு சட்டையளை மினுக்கித் தா எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டனான்" என்றாள். அதைத்தான் அன்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். வேறென்ன செய்வது, யூலையில் வா என்றார்கள், போனாள். கிழவர்களைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், அங்கே அவளுக்கு நல்ல பெயர். ஆரம்பத்தில் என்னோடு கோபித்துக்கொண்டு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு, "நீ எனக்கு நல்லது நினைச்சுத்தானேயக்கா செய்தனி" என்று அவளாகவே கதைத்தாள். அப்படி அவள் என்னை மன்னித்த நாளில் நான் கிடங்குக்குள் விழுந்தேன். மன்னித்தது அவளுக்குத் தெரிந்த பாதியைத்தானே.

மற்றப் பாதிக்குப் பதிலாய் நான் சொன்ன பொய் அவளைத் தின்றது. அந்தப் பழைய சிஞ்ஞோராவை வீதியில் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போவாள். அவள் கை சட்டை மினுக்கும் இஸ்திரிப்பெட்டியைத் தொடாது, தன் சட்டையைக்கூடச் சுருக்கத்தோடு போடுவாள். "ஒரு மணித்தியாலம், ஞானக்கா. ஆற்றையோ சட்டைக்காக. மாட்டன் எண்டு சொல்லியிருந்தால் நான் வீட்டை நிண்டிருப்பன்" என்பாள். சோறு தின்னும்போது சொல்லுவாள், பஸ்ஸில் சொல்லுவாள். முகம் பாதியாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தை மூன்று கிழமையில் விட்டவள், ஆனால் என் பொய் ஒருத்தியை உருக்குவது எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் யூன் மாதம் திவசம். ஐயர் இல்லை, நாங்களே படம் வைத்துப் படைத்தோம். ஆட்கள் போனபிறகு குசினியில் அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டு நின்றேன். "அந்த ஒரு மணித்தியாலத்துக்கு என்னைக் கடவுள் மன்னிப்பாரோ அக்கா?" என்றாள். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. இவளை இந்தப் பழியிலிருந்து எடுத்துவிடவேண்டும், பிறகு என்னைச் செருப்பால் அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். துணியை வைத்தேன்.

"கனகேஸ், நீ வேலையிலை நிக்கேல்லை. அவர் எடுத்தது வெள்ளிக்கிழமை இல்லை, சனிக்கிழமை. நீ வீட்டிலைதான் நிண்டனி. நான்தான் கூப்பிடேல்லை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. எல்லாம் நான் செய்தது."

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"நான் என்ன செய்துகொண்டிருந்தனான்?"

"படிச்சுக்கொண்டிருந்தனி."

"சத்தமாயோ?"

இனி ஒளிக்கிறதில்லை என்று முடிவெடுத்துத்தானே வாய் திறந்தேன். "ஓம்" என்றேன். "அவர் கேட்டவர், ஆர் படிக்கிறது எண்டு. நான் ரீவி எண்டு சொன்னனான்."

நான் அடிக்காகக் காத்திருந்தேன். அவள் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஈரக் கையோடு கதிரையில் இருந்தாள்.

"என்ரை குரல் அவருக்குத் தெரியாதோ, அக்கா?" என்றாள். "பதினாலு வருசம் கேட்ட குரல். நான் வீட்டிலை நிண்டுகொண்டு ரெலிபோனுக்கு வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டெல்லோ போயிருக்கிறார்."

கீழே பழக்கடைக்காரன் கடை சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் எழும்பி, மிச்சப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, அறைக்குப் போகும் வழியில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"வேலையிலை நிண்டனான் எண்டு நினைச்சுக்கொண்டு நான் இருந்திருப்பன், ஞானக்கா. இதை நீ எனக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம்."